தொழில்முறை ஹெம்ப்: நம் ஊரில் விளையுமா? நார், சக்கை, விதை, மருந்து எதில் விஷயம் இருக்கிறது?

கொங்குநார் கேட்டது:

வணக்கம். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார் ஆலை நடக்கிறது. மாற்று நார்ப் பயிர் தேடும்போது, ஹெம்ப் என்கிற போதைச்சத்து மிகக் குறைந்த கஞ்சா வகையைப் பற்றி எங்கு பார்த்தாலும் "ஹெம்ப்புக்கு இருபத்தைந்தாயிரம் பயன்" என்று பட்டியல்தான் வருகிறது. எத்தனை கிலோ விதை, எத்தனை நாள், என்ன இயந்திரம், எதில் கெட்டுப்போகும் என்று யாரும் எழுதுவதில்லை. நான்கு விஷயம் தெரிய வேண்டும்.

தமிழ்நாட்டில் சட்டப்படி போட முடியுமா, போட்டால் விளையுமா? தென்னை மட்டை அடிக்கும் இயந்திரத்தில் இந்தத் தண்டை ஓட்டலாமா? நார் உரித்த தண்டின் சக்கையையும் சுண்ணாம்பையும் சேர்த்துச் சுவர் கட்டுகிறார்களே, அது நம் ஈரக்காற்றில் நிற்குமா? கடைசியாக, அக்கா மகள் தாவர உயிர்த்தொழில்நுட்பம் படிக்கிறாள். இதில் உருப்படியான ஆய்வுத் தலைப்பு இருக்கிறதா, மருந்து என்று சொல்வதெல்லாம் எவ்வளவு உண்மை?

---

மண்வாகு எழுதியது:

முதலில் சட்டம், ஏனென்றால் இங்கே தவறினால் மற்றதெல்லாம் வீண். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் பிரிவு 8 கஞ்சா செடி வளர்ப்பதைத் தடை செய்கிறது. எந்த ரகம், போதைச்சத்து எவ்வளவு என்ற பேச்சே அதில் இல்லை. அந்தப் பேரினத்தில் எந்தச் செடியாக இருந்தாலும் கஞ்சா செடிதான். அனுமதி இல்லாமல் வளர்த்தால் பிரிவு 20இன்படி 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். "இது ஹெம்ப் ரகம்ங்க" என்று சொல்லித் தப்ப முடியாது.

அதே சட்டத்தில் வாசலும் இருக்கிறது. பிரிவு 10 மாநில அரசுக்கு உரிமம் கொடுக்கும் அதிகாரம் தருகிறது. பிரிவு 14 நாருக்கும் விதைக்கும் தோட்டக்கலைக்கும் மட்டும் சாகுபடியை அனுமதிக்க வழி விடுகிறது. உத்தராகண்ட் 2018இல் பௌரி கட்வால் மாவட்டத்தில் முதல் சோதனைச் சாகுபடிக்கு உரிமம் கொடுத்தது இந்த வழியில்தான். போதை தரும் பொருளான டிஎச்சி 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இமாசலப் பிரதேச அமைச்சரவை 2025 ஜனவரியில் பாலம்பூர், நௌனி வேளாண் பல்கலைக்கழகங்களின் வழியாகச் சோதனைச் சாகுபடிக்கு ஒப்புதல் கொடுத்தது. தமிழ்நாட்டில் ஒரு விவசாயி போய் விண்ணப்பம் போட்டு உரிமம் வாங்கும் ஏற்பாடு இல்லை. ஆகவே விதையை வாங்கி "ரெண்டு செடி போட்டுப் பார்ப்போம்" என்ற எண்ணமே வேண்டாம்.

இனி விளையுமா என்பது. சட்டம் நாளைக்கே திறந்தாலும் நமக்கு இடிக்கப்போவது பகல் நீளம். இது குறும்பகல் பயிர். பகல் ஏறத்தாழ 14 மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால் பூப்புக்குப் போய்விடும். பிரான்ஸ், உக்ரைன், கனடா ரகங்கள் ஜூன் மாதம் 15, 16 மணி நேரப் பகலில் உயரம் போட்டுவிட்டு, ஆகஸ்டில் பகல் சுருங்கியதும் பூக்கும்படி வடிக்கப்பட்டவை. சென்னையில் ஆண்டின் மிக நீளமான பகலே 12 மணி 53 நிமிடம்தான். கோவையில் 12 மணி 46, கன்னியாகுமரியில் 12 மணி 35 நிமிடம். ஃப்யூச்சுரா, ஃபெடோரா போன்ற பிரான்ஸ் ரகங்களை இங்கே விதைத்தால், முளைத்த நாளிலிருந்து அதற்குப் பூக்கும் காலம்தான். முழங்கால், இடுப்பு உயரத்திலேயே பூ தள்ளி நின்றுவிடும். உயரம் இல்லை என்றால் நார் இல்லை. அமெரிக்காவில் புளோரிடாவிலும் இதேதான் நடந்தது: ஐரோப்பிய, கனடிய ரகங்கள் குட்டையாகவே பூத்தன, தென்சீன ரகங்கள்தான் ஓரளவு உயர்ந்தன.

தென்னிந்திய மலைகளில் ஓங்கி வளரும் நாட்டு வகைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவை இந்தப் பகல் நீளத்துக்குப் பழகியவை. ஆனால் அவற்றில் டிஎச்சி பல மடங்கு அதிகம். நம் ஊரில் வளர்கிற வகை சட்டத்துக்கு ஆகாது, சட்டத்துக்கு ஆகிற ரகம் நம் ஊரில் வளராது. இந்த முடிச்சை அவிழ்க்காமல் "தமிழ்நாட்டில் ஹெம்ப் புரட்சி" என்று எழுதுகிறவர்கள் விவசாயியைக் குழியில் தள்ளுகிறார்கள்.

உரிமம் உள்ள மாநிலத்தில் ஒப்பந்தம் போடுவதாக இருந்தால் கணக்கு இது. நாருக்கு ஏக்கருக்கு 20 முதல் 25 கிலோ விதை, நெருக்கமாக, 2 முதல் 3 செ.மீ. ஆழத்தில். நெருக்கினால்தான் பக்கக்கிளை விடாமல் குச்சி போல மேலே போகும். விதைக்காக என்றால் 10 முதல் 12 கிலோ போதும். தழைச்சத்து ஏக்கருக்கு 40 கிலோ அளவில் கேட்கும். "தண்ணீரே வேண்டாம், உரமே வேண்டாம்" என்பது பொய். பருத்தியைவிடக் குறைவாகக் குடிக்கும், ஆனால் முதல் ஆறு வாரம் ஈரம் காயக்கூடாது. அதே சமயம் இளம்பயிரில் இரண்டு நாள் தண்ணீர் தேங்கினாலும் மஞ்சளித்து உட்கார்ந்துவிடும். களிமண் நிலத்தில் வடிகால் இல்லாமல் விதைக்கவே கூடாது.

---

விதைநேர்த்தி எழுதியது:

மண்வாகு சொன்ன 0.3 சதவீதத்தில் ஒரு நுணுக்கம் விடுபட்டது. பச்சைச் செடியில் டிஎச்சி பெரும்பாலும் அமில வடிவத்தில், டிஎச்சிஏ-வாகத்தான் இருக்கும். சூடானால் கரியமில வாயுவை விட்டு டிஎச்சி ஆகும். அதனால் கணக்கு: மொத்த டிஎச்சி = டிஎச்சி + (0.877 × டிஎச்சிஏ). ஆய்வுக்கூட அறிக்கையில் டிஎச்சி 0.05, டிஎச்சிஏ 0.32 என்று இருந்தால் முதல் எண்ணைப் பார்த்துத் திருப்திப்படக்கூடாது. 0.05 + 0.28 = 0.33, வரம்பைத் தாண்டிவிட்டது. வயல் முழுவதையும் அழிக்க வேண்டியதுதான்.

வரம்பு ஏன் தாண்டுகிறது என்றால், சிபிடி-யை (போதை தராத, மருந்துக்குப் பயன்படும் பொருள்) உண்டாக்கும் நொதியே சிறிதளவு டிஎச்சி-யையும் கசியவிடுகிறது. நல்ல சிபிடி ரகத்தில் இரண்டுக்கும் இருபது, முப்பதுக்கு ஒன்று என்ற விகிதம். சிபிடி 4 சதவீதம் வரும்போது டிஎச்சி 0.2 அருகில் நிற்கும். பூ முற்றி சிபிடி 8 ஆனால் டிஎச்சியும் கூடவே ஏறிவிடும். நார்ப் பயிருக்கு இந்தப் பயம் குறைவு, ஏனென்றால் ஆண் செடி மகரந்தம் கொட்டத் தொடங்கும்போதே அறுத்துவிடுவார்கள். இன்னொன்று, இது காற்றில் மகரந்தம் பரவும் பயிர், கிலோமீட்டர் கணக்கில் போகும். இமயமலைச் சரிவில் காட்டுக் கஞ்சா எங்கும் நிற்கிறது. அங்கே விதையைச் சேமித்து மறுபோகம் போட்டால் ரகத்தின் தூய்மை கலைந்து டிஎச்சி ஏறும். ஒவ்வொரு போகத்துக்கும் சான்று விதை வாங்குவது செலவுதான், ஆனால் தவிர்க்க முடியாத செலவு.

---

கதிர்நூல் எழுதியது:

கொங்குநார் சாருக்கு, இயந்திரம் பற்றி.

மட்டை அடிக்கும் இயந்திரத்தில் ஓட்டாதீர்கள். தென்னை நார் ஒரு சாண் நீளம், விறைப்பு. ஹெம்ப் நார்க்கற்றை ஒன்றரை, இரண்டு மீட்டர் நீளத்துக்கு நாடா போலத் தொங்கும். சுழலும் தண்டு எது கிடைத்தாலும் சுற்றிக்கொள்ளும். பேரிங் பக்கம் சுற்றி இறுகினால் உராய்ந்து சூடாகும், பக்கத்தில் காய்ந்த தூசி இருந்தால் நெருப்பும் பிடிக்கும். உங்களுக்கு வேண்டியது பல் வெட்டிய உருளை ஜோடிகள். ஊறிக் காய்ந்த தண்டு அவற்றுக்கு நடுவே போகும்போது உள்ளே இருக்கும் கட்டைப் பகுதி நொறுங்கி உதிரும், நார் வளைந்து கொடுத்துத் தப்பிக்கும். அதற்குப் பிறகு தட்டிச் சக்கையை உதிர்ப்பது, பிறகு சீப்புப் பலகையில் வாருவது. தண்டை முன்கூட்டியே 60, 70 செ.மீ. துண்டாக நறுக்கிவிட்டால் சுற்றும் தொல்லை பாதி தீரும், ஆனால் நீள நாருக்கான விலை போய்விடும்.

தரம் தீர்மானமாவது இயந்திரத்தில் இல்லை, ஊறலில். நாரையும் கட்டையையும் ஒட்டவைத்திருக்கும் பெக்டினை நுண்ணுயிர்கள் தின்ன வேண்டும். அது தீர்ந்ததும் நிறுத்தாவிட்டால் அடுத்து நாரையே தின்னத் தொடங்கும். ஐரோப்பாவில் அறுத்த தண்டை வயலிலேயே பரப்பிப் பனியில் மூன்று நான்கு வாரம் போட்டுத் திருப்பிவிடுவார்கள். நம் சமவெளியில் பகலில் காய்ந்து கருவாடாகும், இரவில் பனி போதாது, மேல் தண்டு ஊறாமலும் கீழ்த் தண்டு அழுகியும் போகும். இங்கே தொட்டி ஊறல்தான் சரி. தண்ணீர் 30 பாகை அளவில் இருந்தால் 7 முதல் 10 நாள்.

பதம் பார்ப்பது இப்படி: கட்டின் நடுவிலிருந்து ஒரு தண்டை உருவி, அடித்தூரிலிருந்து ஒரு சாண் மேலே ஒடியுங்கள். கட்டையை ஒரு கையில் பிடித்து நாரை உரித்தால் நுனி வரை ஒரே நாடாவாக வழுக்கிக்கொண்டு வர வேண்டும். நடுவில் பிய்ந்து கட்டையோடு ஒட்டினால் இன்னும் ஒரு நாள். நாரை முறுக்கினால் பட்டென்று அறுந்தால், கருத்துப்போய் நாற்றம் வந்தால், தாமதித்துவிட்டீர்கள். ஆறாம் நாளுக்குப் பிறகு காலையும் மாலையும் பார்க்க வேண்டும். தூர் தடிமனாக இருப்பதால் நுனியைவிடத் தாமதமாகத்தான் ஊறும். தண்டுக் கட்டினை முதல் ஒரு நாள் நின்றவாக்கில் தூர் மட்டும் முங்கும்படி வைத்து, அடுத்த நாள் படுக்கப் போடுங்கள். ஊறல் நீரைக் கண்மாயிலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். ஆக்சிஜனை உறிஞ்சி மீனை மிதக்கவிடும். தொட்டியிலேயே காற்றூட்டித் தெளியவைத்துப் பாய்ச்சலாம்.

எவ்வளவு கிடைக்கும்? எக்டேருக்கு 8 டன் காய்ந்த தண்டு என்று வைத்தால் ஏக்கருக்கு 3.2 டன். அதில் கால்பங்கு, அதாவது 800 கிலோ பட்டை நார். சீவி எடுத்த நீள நார் அதிலும் குறைவுதான், மீதி குட்டை நார், அது விரிப்புக்கும் தாளுக்கும் போகும். உள்கட்டைச் சக்கை 2 டன் சுமார், பாக்கி தூசி. எடையில் பார்த்தால் உங்கள் முதன்மைப் பொருள் நார் இல்லை, சக்கை. அதற்கு வாங்குபவர் இல்லாமல் நார் ஆலை மட்டும் போட்டால் கணக்கு நிற்காது.

ஒரு யோசனை. இந்த முழு வரிசையையும் இன்றைக்கே சட்டத்துக்கு உட்பட்டுப் பழக ஒரு பயிர் இருக்கிறது: சணப்பு. பெயரில் "ஹெம்ப்" ஒட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் குழப்பினாலும் அது பயறு இனம், கஞ்சாவுக்கு உறவே இல்லை. பசுந்தாள் உரமாக நம் ஆட்களுக்குத் தெரிந்ததுதான், ஏக்கருக்கு 10 முதல் 14 கிலோ விதை. நாருக்கு என்றால் அதைவிட நெருக்கி விதைத்து, மடக்கி உழாமல் முற்றவிட்டு அறுக்க வேண்டும். வலை, கயிறு, சிகரெட் தாள் வரை அந்த நாருக்கு வேலை இருக்கிறது. ஊறலும் உரிப்பும் ஹெம்ப் மாதிரியேதான். விதையை மட்டும் மாட்டுக்குப் போடாதீர்கள், ஈரலைக் கெடுக்கும் நச்சு அதில் உண்டு.

---

கொங்குநார்:

கதிர்நூல் சார், பேரிங்கில் சுற்றும் என்பது யாரும் சொல்லாத விஷயம், நன்றி. உத்தராகண்டிலிருந்து சக்கையை மட்டும் வரவழைத்தால் இங்கே வைத்திருப்பது குற்றமா? சுவர் கணக்கும் யாராவது சொல்லுங்கள்.

---

சுண்ணாம்புக்காளவாய் எழுதியது:

சட்டத்தில் கஞ்சா என்று வரையறுத்திருப்பது பூக்கும், காய்க்கும் நுனியையும் பிசினையும் அவற்றின் கலவையையும். நார் எடுத்த தண்டுச்சக்கை அந்த வரையறைக்குள் வராது. ஆனால் லாரியைச் சோதனைச் சாவடியில் நிறுத்தினால் அதைச் சொல்லிப் புரியவைக்கக் காகிதம் வேண்டும்: விற்றவரின் சாகுபடி உரிம நகல், ஜிஎஸ்டி பில், அந்தத் தொகுதிக்கான டிஎச்சி ஆய்வறிக்கை. இலை, நுனி ஒன்றுகூட கலந்திருக்கக்கூடாது. வாடகையையும் யோசித்துக்கொள்ளுங்கள். உதிரிச் சக்கை ஒரு கனமீட்டருக்கு 100, 110 கிலோதான். முப்பது கனமீட்டர் லாரி மூன்று டன்னில் நிறைந்துவிடும். நீங்கள் கொடுப்பது காற்றுக்கான வாடகை. அழுத்திக் கட்டிய பேலாக மட்டும் வாங்குங்கள்.

இப்போது சுவர். முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்வோம்: ஹெம்ப்கிரீட், அதாவது இந்தச் சக்கையும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவை, பாரம் தாங்காது. அமுக்கு வலிமை 1 மெகாபாஸ்கலுக்கும் கீழே. கான்கிரீட் தூணோ மரச்சட்டமோ கூரையைத் தாங்க, இது இடையை அடைக்கும், வெப்பத்தைத் தடுக்கும். செங்கலுக்குப் பதில் என்று நினைத்து மேலே பீம் வைத்தால் வீடு போய்விடும்.

10 அடிக்கு 10 அடி, 20 செ.மீ. (சுமார் 8 அங்குலம்) கனத்தில் ஒரு மேற்குச் சுவர் என்றால் 1.86 கனமீட்டர். ஒரு கனமீட்டருக்குச் சக்கை 110 கிலோ, பிணைப்பி (சக்கையை ஒட்டவைக்கும் சுண்ணாம்புத் தூள்) 220 கிலோ, தண்ணீர் 330 லிட்டர். உங்கள் சுவருக்குச் சக்கை 205, பிணைப்பி 410 கிலோ, தண்ணீர் 615 லிட்டர். சிதறலுக்கு ஒரு எட்டு சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். சக்கை 5 முதல் 25 மி.மீ. துண்டாக, தூசி சலித்ததாக இருக்க வேண்டும். தூசி அதிகமானால் அது பிணைப்பியைக் குடித்துவிட்டு எதையும் ஒட்டாது.

பிணைப்பியில்தான் பலர் சறுக்குகிறார்கள். வெறும் கிளிஞ்சல் சுண்ணாம்பு காற்றில்தான் இறுகும், எட்டங்குலச் சுவரின் நடுவுக்கு அது வந்துசேர மாதங்கள் ஆகும். வெறும் சிமென்ட் போட்டால் வேறு கோளாறு: சக்கையிலிருந்து கசியும் சர்க்கரைப் பொருள்கள் சிமென்ட் இறுகுவதைத் தடுக்கும், சக்கை தன் எடையைப்போல் மூன்று மடங்குக்கும் மேலே தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு சிமென்டைப் பட்டினி போடும். வெளியே கெட்டியாகத் தெரியும், ஆணி அடித்தால் நடுவிலிருந்து மாவாகக் கொட்டும். நெடுங்காலமாக நின்ற கலவை: எடையில் 75 பங்கு நீற்றுச் சுண்ணாம்பு, 15 பங்கு நீரில் இறுகும் சுண்ணாம்பு, 10 பங்கு பொசலானா (சுண்ணாம்போடு சேர்ந்து இறுகும் தூள்). பொசலானாவுக்கு மெட்டாகயோலின் என்ற சுட்ட வெண்களிமண் தூள் நல்லது. நன்றாக வெந்த செங்கல் சுர்க்கியை மாவாக அரைத்தும் போடலாம், வேகம் குறையும். நீறு பழையதாக, காற்றுப்பட்டுச் செத்ததாக இருந்தால் என்ன விகிதம் போட்டும் பயன் இல்லை.

கலக்க டிரம் மிக்ஸர் ஆகாது, உருண்டை உருண்டையாகத் திரளும். அடியில் துடுப்பு சுற்றும் தட்டு மிக்ஸர் வேண்டும். முதலில் தண்ணீரும் பிணைப்பியும் சேர்த்துக் கூழாக்கி, பிறகு சக்கையைக் கொட்டி மூன்று நான்கு நிமிடம். பதம் புட்டு மாவுதான்: கைப்பிடி எடுத்து அமுக்கினால் பிடி நிற்க வேண்டும், கட்டைவிரலால் நெட்டினால் உதிர வேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் அதிகம். கசிந்த கலவை உலரும்போது அமர்ந்து இறங்கும், மேல் பீமுக்குக் கீழே விரல் நுழையும் இடைவெளி விடும்.

ஷட்டரிங் பலகை அடித்து, அரை அடி அடுக்காகப் போட்டு, ஓரங்களில் மட்டும் கட்டையால் இலேசாகத் தட்டுங்கள். கொத்தனார்கள் கான்கிரீட் பழக்கத்தில் ஓங்கி இடிப்பார்கள், இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இடித்தால் அடர்த்தி ஏறி, வெப்பம் தடுக்கும் காற்றுப்பைகள் போய்விடும். உலர்ந்தபின் கனமீட்டருக்கு 330, 350 கிலோ அடர்த்தியில் நிற்பதுதான் குறி. பலகையை மறுநாளே கழற்றிவிடுங்கள், மூடிவைத்தால் ஈரம் வெளியேறாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், சுண்ணாம்புக் கூழ் கண்ணில் தெறித்தால் பார்வையையே கெடுக்கும்.

நம் ஈரக்காற்றுக்கு வருவோம். அந்த ஒரு சுவரிலிருந்து ஏறத்தாழ 550 லிட்டர் தண்ணீர் காற்றில் போயாக வேண்டும், கிட்டத்தட்ட மூன்று பெரிய டிரம். வறண்ட மாதத்தில் ஆறு முதல் எட்டு வாரம். அக்டோபரில் ஊற்றினால் வடகிழக்குப் பருவம் முழுக்க நனைந்து நிற்கும், பூசணம் பூக்கும். ஜனவரி கடைசியில் தொடங்குங்கள். உலருமுன் பூசக்கூடாது, பூசும்போதும் சுண்ணாம்புப் பூச்சு அல்லது மண் பூச்சு மட்டும். மேலே சிமென்ட் பூச்சோ பிளாஸ்டிக் எமல்ஷனோ அடித்தால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு இரண்டு மழைக்காலத்தில் உட்புறம் இற்றுப்போகும். கீழே ஒன்றரை அடி கருங்கல் அல்லது செங்கல் பீடம், அதன்மேல் ஈரத்தடுப்பு, மேலே நீண்ட கூரை நீட்டம். சுண்ணாம்புக் காரத்தால் சுவரைக் கரையான் எளிதில் தொடாது, ஆனால் உள்ளே இருக்கும் மரச்சட்டத்துக்கு மருந்து அடித்தே ஆக வேண்டும்.

பௌரி கட்வாலின் யம்கேஷ்வர் பகுதியில் இந்த முறையில் வீடே கட்டியிருக்கிறார்கள். எல்லோராக் குகைகளை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். அங்குள்ள களிமண், சுண்ணாம்புக் காரையில் ஹெம்ப் கலந்திருந்ததையும், பூச்சி அரிக்காமல் அது காத்ததையும் ராஜ்தேவ் சிங், சர்தேசாய் இருவரின் ஆய்வு 2016இல் காட்டியது. அது பூச்சுக் காரை, இது சுவர், இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் 1,500 ஆண்டு நம் தட்பவெப்பத்தில் நின்றது என்பது சிறிய சான்று இல்லை.

---

மருந்துக்கலயம் எழுதியது:

மருந்து விஷயத்தில் உண்மையும் வியாபாரமும் பின்னிக் கிடக்கின்றன, பிரித்துச் சொல்கிறேன்.

உறுதியானது: கடுமையான குழந்தைப் பருவ வலிப்பு. லெனாக்ஸ்-கஸ்டோ, டிரவே என்ற இரண்டு நோய்களுக்குத் தூய சிபிடி மருந்தான எபிடியோலெக்ஸை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018 ஜூனில் ஒப்புக்கொண்டது. 2020இல் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற நோயின் வலிப்பும் சேர்ந்தது. தண்டுவட மரப்பு நோயின் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) தசை இறுக்கத்துக்கு டிஎச்சியும் சிபிடியும் ஏறக்குறையச் சம அளவில் உள்ள வாய்த்தெளிப்பு 2010 முதல் பிரிட்டனில் இருக்கிறது. கீமோ சிகிச்சையின் வாந்திக்குச் செயற்கை டிஎச்சியான டிரோனாபினால் 1985 முதல். கல்கத்தாவில் ஓ'ஷானசி என்ற மருத்துவர் 1839இலேயே குழந்தை வலிப்புக்கு இந்தச் செடியின் சாறு கேட்டதைப் பதிவு செய்தார். அதே நோக்கத்தில் ஒரு சீரான மருந்து வர 179 ஆண்டு ஆனது.

உறுதி இல்லாதது: புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பது. சோதனைக்குழாயில் செல் சாவதற்கும் நோயாளி பிழைப்பதற்கும் நடுவே நீண்ட தூரம். இதை நம்பி சிகிச்சையை நிறுத்தியவர்களின் நிலைமை மிகக் கொடுமையானது.

சந்தையில் "விஜயா" என்ற பெயரில் ஆயுர்வேத உரிமத்தோடு வரும் எண்ணெய்களையும் அந்த வலிப்பு மருந்தையும் ஒன்றாக நினைக்காதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 கிலோ குழந்தைக்கு நாளொன்றுக்கு கிலோவுக்கு 10 மி.கி. என்றால் 200 மி.கி. மருந்துக் கரைசலில் மி.லி.க்கு 100 மி.கி., ஆக 2 மி.லி. கடையில் வரும் 30 மி.லி. குப்பியில் மொத்தமே 1,000 மி.கி. சிபிடி என்றால், தினம் 6 மி.லி. கொடுத்து ஐந்தே நாளில் தீர்ந்துவிடும். சொட்டுக் கணக்கில் கொடுத்துவிட்டுக் "கேட்கவில்லை" என்பதும், கொடுத்துவிட்டு வலிப்பு மாத்திரையை நிறுத்துவதும் இரண்டுமே தவறு. அளவையும் ஏற்றும் வேகத்தையும் நரம்பியல் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். வால்புரோயேட் என்ற வலிப்பு மருந்தோடு சேர்ந்தால் ஈரல் நொதிகள் ஏறும், தொடர்ந்து பரிசோதித்துப் பார்க்க வேண்டும். இன்னொரு வலிப்பு மருந்தான குளோபசாமோடு சேர்ந்தால் அதன் வினைப்பொருள் இரத்தத்தில் பல மடங்காகி குழந்தை தூங்கிக்கொண்டே இருக்கும். இரத்த உறைவைத் தடுக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு இரத்தம் உறையும் நேரம் மாறும்.

---

விதைநேர்த்தி:

விதையைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்தியாவில் இன்றைக்கே சட்டப்படி உணவாக விற்கக்கூடிய பகுதி அதுதான். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 நவம்பரில் விதை, விதை எண்ணெய், விதை மாவு மூன்றையும் உணவாக அனுமதித்தது. விதையில் மொத்த டிஎச்சி கிலோவுக்கு 5 மி.கி., எண்ணெயில் 10 மி.கி. தாண்டக்கூடாது. விதைக்குள் டிஎச்சி கிடையாது. வெளியே மூடியிருக்கும் பூவிதழின் பிசின் ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. ஆகவே இது சுத்தம் செய்வதன் பிரச்சினை: சலித்து, காற்றில் தூற்றி, தேய்த்தெடுத்தால் அளவு இறங்கும்.

மரச்செக்கில் ஆட்டலாம். விதை ஈரம் 8, 9 சதவீதம் இருக்க வேண்டும், எண்ணெய் 50 பாகையைத் தாண்டிச் சூடாகக்கூடாது. 10 கிலோவுக்கு இரண்டரை கிலோ எண்ணெய் வரும். ஒமேகா 6க்கும் ஒமேகா 3க்கும் மூன்றுக்கு ஒன்று விகிதம். அந்த நல்ல கொழுப்பே சீக்கிரம் காறலெடுக்கும். பச்சையம் வேறு இருப்பதால் வெளிச்சத்தில் இன்னும் வேகமாகக் கெடும். அடர் நிறப் பாட்டில், குளிர்ப்பெட்டி, தாளிக்கவும் பொரிக்கவும் கூடாது. குமாவூனில் விதையை வறுத்துப் பச்சைமிளகாய், சீரகம், எலுமிச்சையோடு துவையல் அரைப்பார்கள், விதைத்தோலை வடிகட்டிவிட வேண்டும்.

வாங்கும்போது எந்த நிலத்தில் விளைந்தது என்று கேளுங்கள். காட்மியம், நிக்கல் போன்ற உலோகங்களை இந்தச் செடி மண்ணிலிருந்து நன்றாக இழுக்கும். செர்னோபில் அருகே 1990களின் கடைசியில் மண்ணைச் சுத்தம் செய்ய இதை விதைத்துப் பார்த்தது அதனால்தான். அப்படி ஒரு நிலத்தில் விளைந்த தண்டு சுவருக்குப் போகலாம், விதை வாய்க்குப் போகக்கூடாது.

---

மண்வாகு:

அக்கா மகளின் தலைப்புக்கு. உரிமம் உள்ள நிறுவனத்தோடு சேராமல் செடி வளர்க்கும் ஆய்வு முடியாது. ஜம்முவில் உள்ள சிஎஸ்ஐஆர் ஒருங்கிணைந்த மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் அனுமதியோடு கஞ்சா ஆய்வு நடக்கிறது, கனடா நிறுவனத்தோடு கூட்டாக. அங்கே பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம்.

நான் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் ஒரே கேள்விதான்: 13 மணி நேரத்துக்குக் குறைந்த பகலிலும் இரண்டரை மாதம் பூக்காமல் உயரும் தன்மையை, டிஎச்சி குறைந்த வகையோடு சேர்க்க முடியுமா? டிஎச்சியா சிபிடியா என்பதைப் பெரும்பாலும் மரபணுத் தொகுதியில் ஒரே இடம்தான் தீர்மானிக்கிறது. அதனால் பூக்கும் வரை காத்திருக்க வேண்டாம். இரண்டிலை நாற்றிலேயே ஒரு இலைத் துணுக்கை எடுத்து பிசிஆர் என்ற மரபணுச் சோதனையில் பார்த்து, டிஎச்சி வகையை அப்போதே கழித்துவிடலாம். ஆண், பெண்ணையும் அப்படியே. பூக்கும் காலம் அவ்வளவு எளிதல்ல, பல மரபணுக்களின் கூட்டு வேலை. அதில்தான் ஆய்வுக்கு இடம் இருக்கிறது.

செடியே இல்லாமல் செய்ய வேண்டுமா, மரபணு வரிசைகள் பொதுத் தரவுத்தளங்களில் கிடைக்கின்றன. கணினியில் ஒப்பிட்டே முதுகலை ஆய்வு முடிக்கலாம்.

---

சுண்ணாம்புக்காளவாய்:

கொங்குநாருக்கு இன்னொன்று. சக்கை வருவதற்குக் காத்திராமல் உரித்த சணப்புக் குச்சியிலும் பருத்திமாரிலும் பழகலாம். 10 முதல் 20 மி.மீ. துண்டாக வெட்டி, தூசி சலித்து, 15 செ.மீ. கனசதுர அச்சில் மேலே சொன்ன அதே விகிதத்தில் ஒவ்வொன்றிலும் ஆறு கட்டி போடுங்கள். ஒரு கட்டிக்குக் குச்சி 370 கிராம், பிணைப்பி 740 கிராம், தண்ணீர் 1.1 லிட்டர். பருத்திமார் ஹெம்ப் சக்கையைவிடக் கெட்டி, தண்ணீர் குறைவாகத்தான் குடிக்கும். முக்கால் லிட்டரில் தொடங்கிப் புட்டுப் பதம் வரும் வரை கூட்டுங்கள். நிழலில் வைத்து வாரம் ஒரு முறை எடை போட்டு எழுதுங்கள். அடுத்தடுத்த இரண்டு எடை ஒன்றாக வந்ததும் ஒன்றை ரம்பத்தால் நடுவே அறுத்துப் பாருங்கள். நடுவை நகத்தால் சுரண்டினால் மாவு கொட்டுகிறதா இல்லையா என்பதை இங்கே வந்து சொல்லுங்கள், பிணைப்பி விகிதத்தை அதை வைத்துத் திருத்திக்கொள்ளலாம்.